ஊரும் மனசும்: வாசகர் கேள்வி பதில்

உடம்பு, மனசு சம்பந்தமான கேள்விகளை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில், நோயாளியின் சீட்டில் வயசும் வியாதியும் எழுதியிருக்கும். அவர் எந்தத் தெருவில், யாரோடு, என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்பது இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பாதி விஷயம் பிடிபடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் செட்டிநாட்டுப் பக்கத்தவை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கானாடுகாத்தான். அப்பச்சி (அப்பா) தவறி மூன்று வருஷம் ஆகிறது. ஆத்தாவுக்கு 74 வயது. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். வாசலில் வாட்ச்மேன், காலையில் வந்துபோகிற வேலைக்காரம்மா, அவ்வளவுதான். கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன் செய்தால் ‘ம்... சரிப்பா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. காரைக்குடியில் ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார்கள். மனநல டாக்டரிடம் காட்டவா, சென்னையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடவா?

தம்பி, டாக்டரிடம் காட்டுவதை முதலில் செய்யுங்கள். பசி குறைவது, விடிகாலையில் விழித்துக்கொண்டு கிடப்பது, பிடித்த காரியத்தில் நாட்டம் போவது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். வயசானவர்களுக்கும் அது சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். தைராய்டும் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பல்லையும் காதையும் பாருங்கள். பல் செட் உறுத்துகிறவர் பசியில்லை என்றுதான் சொல்வார். காது மந்தமானவர் போனில் ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

அது ஒரு பக்கம் நடக்கட்டும். இப்போது அந்த வீட்டைப் பாருங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு போகிற வீடு. அந்தக் காலத்தில் கல்யாணமான மகனை ‘வேறு வைத்தார்கள்’. தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஆனால் ஒரே கூரை. யாரும் யார் செலவிலும் தலையிடவில்லை. ஒருத்தர் இருமினால் மட்டும் நாலு பேருக்குக் கேட்கும். இன்று அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு அடுப்பு, அதுவும் அரை ஆழாக்கு அரிசிக்காக எரிகிறது. இரண்டு பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் திறப்பார்கள். மூன்றாம் நாள் மறுபடி பூட்டு.

பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, “சாப்பிட்டாச்சு, தட்டைக்கூடக் கழுவிக் கவுத்தியாச்சு” என்றார். அடுப்படியில் போய்ப் பார்த்தேன். உலை வைத்த அடையாளமே இல்லை. எவர்சில்வர் தட்டில் இரண்டு பிஸ்கட் மிச்சம் இருந்தது. பிற்பாடு எதிர்வீட்டுக்கு ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இரண்டும் ஆச்சி வீட்டுக்குத்தான் ஓடும், அம்மா வருகிற வரைக்கும். அடுத்த முறை நான் போனபோது ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு ஒன்று எடுத்து வைப்பார், கரண்டியைக் கீழே வைக்காமலே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வார். அவருக்கு யாரும் டானிக் எழுதிக்கொடுக்கவில்லை.

ஒருத்தரைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஆயுசையே தொடுகிற விஷயம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டியில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது வருஷம் கவனித்தார்கள். லிசா பெர்க்மனும் லெனார்டு சைமும் 1979-ல் வெளியிட்ட முடிவு இது: உறவு, நட்பு, கோயில், சங்கம் என்று தொடர்புகள் மிகக் குறைந்தவர்கள், தொடர்புகள் நிறைந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்திருந்தார்கள். புகை, குடி, உடல் பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. 2010-ல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான் தெரிந்தது.

ஆகவே சென்னையைப் பற்றி யோசித்துச் செய்யுங்கள். தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விட்டால் அந்த ஃபிளாட்டிலும் பகல் முழுக்கத் தனிமைதான். இங்கே வாசலில் வந்து நிற்கிற பூக்காரம்மாவும் கோயில் குருக்களும்கூட அங்கே இல்லை. ஆத்தாவிடமே கேளுங்கள். இருக்கிறேன் என்றால், உங்கள் தெருவில் இதேபோல் தனியாக இருக்கிற ஆச்சிகள் எத்தனை பேர் என்று வாட்ச்மேனிடம் விசாரியுங்கள். மத்தியானச் சமையல் ஒரே வீட்டில், முறை வைத்து. செலவைப் பிள்ளைகள் நீங்கள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். வேறு வைத்துப் பழகிய ஊருக்குச் சேர்த்து வைக்கவும் தெரியும்.

ஆத்தாவுக்கு யாராவது துணை வேண்டும் என்பதைப் போலவே, ஆத்தாவின் துணை யாருக்காவது வேண்டியிருக்கவும் வேண்டும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனசு நொந்து வருகிறவர்கள் அந்தப் பாட்டியிடம் பேசிவிட்டுப் போகலாம். பத்து வருஷம் கழித்து முறையாகச் சோதித்ததில், வந்தவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. நம் ஊரில் பெஞ்சுகூட வேண்டாம், திண்ணை இருக்கிறது. அடுத்த முறை போனில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காமல், கவுனியரிசிக்கு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதுவயல் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் பாதி கடையிலேயே போய்விடுகிறது. மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாரும், ‘நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்’ என்கிறார்கள். தப்பு என் மேல்தானா அம்மா?

இல்லை தாயீ. உன் மேல் இல்லை.

அடிபட்டவர் மேலேயே பழியைப் போடுவது ஊர் உலகத்துக்கே உள்ள பழக்கம். வில்லியம் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-லேயே இதை விரிவாக எழுதினார். ஏழையின் கஷ்டத்துக்கு ஏழையின் குணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால், மற்ற யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அதுதான் அந்தப் பழியில் உள்ள வசதி என்றார். உன் மாமியார் வேண்டுமென்று சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மகனைச் சொல்ல மனசு வரவில்லை, மருமகளைச் சொல்கிறார்.

என் கண்ணுக்கு வேறு சில தெரிகின்றன. பகல் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலி. அந்த வலிக்கு வைத்தியம் பார்த்தால் ஒரு நாள் கூலி போகும். கூலி கையில் கிடைக்கிற நேரமும் கடை திறந்திருக்கிற நேரமும் ஒன்று. ஆலை விட்டு வீட்டுக்கு வருகிற வழியில்தான் கடை. கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே போகிறார்கள், போகாதவன் தனியாள். இதில் ஒன்றைக்கூட நீ ஏற்படுத்தவில்லை. சிலவற்றை மாற்ற முடியும். கூலியைக் கையில் தராமல் பாதியை உன் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி ஆலை மேலாளரிடம் கேட்கலாம். நீ ஒருத்தியாகப் போனால் நடக்காது. அதே ஆலையில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் உன் மகளிர் குழுவில் இருப்பார்கள், ஐந்தாறு பேராகப் போங்கள். கடை இருக்கிற இடத்தைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூடும் நாள்கள்தான். தீர்மானம் போட்டதும் கடை போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு இது உன் வீட்டு ரகசியமாக இருப்பது போய், ஊர் விஷயமாகும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் சத்தியம் வாங்கிவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதே. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே சேர்த்து நிறுத்த வேண்டும். அடிக்கிறார் என்றால் 181-க்குப் போன் செய். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: காரைக்குடியில் உளவியல் படிக்கிறேன். சமூக உளவியல் படித்திருக்கிறோம். சமுதாய உளவியல் என்று நீங்கள் சொல்வது எங்கே தொடங்கியது? ஆலோசனை தருவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

1965 மே மாதம், அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஸ்வாம்ஸ்காட் என்ற கடற்கரை ஊரில் உளவியலாளர்கள் கூடினார்கள். பெரிய மனநல விடுதிகளை விட்டுவிட்டு மக்கள் இருக்கிற ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுபோக வேண்டும் என்று அங்கே 1963-ல் சட்டம் வந்திருந்தது. அந்தப் புது வேலைக்கு உளவியலாளரை எப்படித் தயார்படுத்துவது என்று பேசத்தான் கூடினார்கள். பேசி முடித்தபோது, நோய் வந்த பின் அறையில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் நம் வேலையில்லை, நோய் விளைகிற சூழலில் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று சமுதாய உளவியல் என்ற தனித் துறையே பிறந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சிகிச்சை தந்து, மக்களிடம் பரவலாக உள்ள எந்த நோயையும் ஒழித்ததில்லை என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஆல்பி கடைசி வரைக்கும் வாதாடினார்.

உனக்குப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன் அம்மா. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயி வீட்டில் சண்டை வந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் பூச்சிமருந்து டப்பா இருந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரத்து வேகம். அந்த நேரத்தில் மருந்து கையில் கிடைக்காவிட்டால் உயிர் தப்பிவிடும். சென்னையின் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் கூட இருந்தவர்களும் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு கட்டி, உள்ளே பூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு, திரும்பும்போது வைத்துவிட வேண்டும். 2013-ல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான், ஆனால் கிடங்கு வைத்த ஊர்களில் விஷம் குடிப்பது குறைந்திருந்தது. இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் போனார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில் பத்து வருஷத்தில் அது பாதியானது. மனசை மாற்றும்படி யாருக்கும் அங்கே உபதேசம் செய்யவில்லை.

ஆலோசனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதே. உயிரை விடும் எண்ணம் வருகிறவர் உடனே ஒரு மனுஷரிடம் பேச வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண், 104, இரண்டும் இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். கல்லல் பக்கம். சுகர், பிரஷர் முகாம் போட்டால் ஒரு குடியிருப்புப் பெண்கள் மட்டும் வருவதே இல்லை. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் விழிப்புணர்வு இல்லை. என்ன செய்வது?

விழிப்புணர்வு என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வை. முகாம் எத்தனை மணிக்கு? பெரும்பாலும் காலை பத்திலிருந்து மத்தியானம் ஒன்று. அந்தப் பெண்கள் அப்போது எங்கே இருப்பார்கள்? நூறு நாள் வேலையில், கண்மாய்க் கரையில். காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை செல்போனில் போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவு. நடுவில் கிளம்பி வந்தால் அன்றைய கூலி போகும். வெறும் வயிற்றில் வரச் சொல்கிறாய். வெயிலில் மண் வெட்டுகிறவர் வெறும் வயிற்றில் எப்படி நிற்பார்?

அடுத்தது, முகாம் எந்தத் தெருவில்? பந்தல் போடுகிற இடம் பெரிய வீட்டுத் திண்ணைப் பக்கமா? அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு நடக்க முடிகிறதா? நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்களா, ஓரமாக நிற்கச் சொல்கிறார்களா? நம் பக்கத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க எல்லாருக்கும் தயக்கம். நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊர் ஒற்றுமை, ஊர்க் கட்டு என்று நாம் பெருமையாகச் சொல்வது பலருக்கு அணைப்பு. சிலருக்கு அது வாசலில் நிறுத்திவைக்கிற கயிறு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தருகிறோம். ஒவ்வொரு நாளும் கூசிக் குறுகி நடக்கிறவர் உடம்பில் ஏறுகிற அழுத்தத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறோம்?

2021 ஆகஸ்ட்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது அதன் பெயரிலேயே வழி இருந்தது. நீ தேடிப் போ. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவர்கள் குடியிருப்பிலேயே, அங்கன்வாடி வாசலிலோ வேப்ப மரத்தடியிலோ மிஷினை வைத்துக்கொண்டு உட்கார். வெறும் வயிற்று ரத்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் நாள் பிரஷர் மட்டும் பார். நர்ஸம்மாவிடம் பேசி, அந்தக் குடியிருப்பிலேயே ஒரு பெண்ணை அடுத்த தன்னார்வலராக எடுக்கச் சொல். உன்னைவிட நாலு மடங்கு வேலை அவள் செய்வாள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் எந்நேரமும் செல்போனில்தான். பிடுங்கினால் கத்துகிறான். (ஒரு தாய், தேவகோட்டை)

பிடுங்கிய பிறகு அவன் எங்கே போவான் என்று சொல்லுங்கள். மைதானம் பூட்டா, ஊருணிக் கரையில் கார் நிறுத்துகிறார்களா, தெருவில் பந்து அடித்தால் விரட்டுகிறார்களா? அமெரிக்காவின் கன்சாஸ் பள்ளிகளை ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் ஆராய்ந்து 1964-ல் எழுதினார்கள். ஆள் குறைந்த சின்னப் பள்ளிகளில் சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கும் நாடகத்தில், ஆட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. அவன் இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்ற நிலை. பெரிய பள்ளிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் மகனுக்கு அவன் இல்லாவிட்டால் நடக்காத காரியம் ஒன்று வேண்டும். கோயில் திருவிழாவில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஊரையும் சூழலையும் சொல்கிறீர்கள். தனி மனிதனின் ஒழுக்கமும் வைராக்கியமும் எங்கே போயின? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருப்பத்தூர்)

ஐயா, வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். உளவியலாளர் குர்ட் லெவின் 1936-ல் சொன்னபடி, நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து விளைவிப்பது. இரண்டில் ஆளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சூழலைப் பற்றிப் பேச ஆள் குறைவு, அதனால் நான் பேசுகிறேன். தவிர, உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பையனுக்கும் வீட்டில் மின்விளக்கு இல்லாத பையனுக்கும் ஒரே அளவு வைராக்கியம் போதுமானதாக இருந்ததா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்துக் குடிநீர் ஊருணியை இளைஞர்கள் சேர்ந்து சுத்தம் செய்தோம். சீமைக்கருவேலத்தை வெட்டி, வரத்துக்கால் எடுத்து, வேலி போட்டோம். பேப்பரில் போட்டோவும் வந்தது. இப்போது குப்பை மறுபடி விழுகிறது, கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. ஊர் மக்களுக்கு அக்கறையே கிடையாதா?

வேலையைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. உங்களைச் சோர விடமாட்டேன்.

ஓர் ஊர் ‘நம்முடையது’ என்று ஒருவருக்குத் தோன்ற எது வேண்டும் என்று டேவிட் மெக்மில்லனும் டேவிட் சாவிஸும் 1986-ல் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: நானும் இதில் ஒரு ஆள், என் பேச்சு இங்கே எடுபடும், என் தேவை இங்கே நிறைவேறும், நாம் சேர்ந்து அனுபவித்தது ஒன்று உண்டு. நகரத்தார் கோயில்களில் கல்யாணமானவன் ஒரு புள்ளி. வரி கொடுப்பான், கணக்கு கேட்பான். பர்மாவில் இருந்தாலும் அந்தப் புள்ளி அழியவில்லை. உங்கள் ஊருணியில் யார் யார் புள்ளி?

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெட்டினோம், எடுத்தோம், போட்டோம் என்று இருக்கிறது. தினமும் குடம் எடுத்து வருகிற பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலி போடும்போது அவர்கள் இறங்குகிற படித்துறை எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா? ஆடு மேய்க்கிறவர் தண்ணீர் காட்ட எங்கே போகிறார் இப்போது? குப்பை விழுகிறது என்றால், குப்பை வண்டி வராத தெரு எது?

குன்றக்குடி அடிகளார் நம் கண்முன்னே செய்து காட்டினார். மடத்தை விட்டு இறங்கி வந்து, காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) விஞ்ஞானிகளைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய், மக்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டார். குன்றக்குடித் திட்டம் டெல்லி வரைக்கும் பேசப்பட்டது. ஊரில் இருக்கிற ஆட்களையும் ஊரில் இருக்கிற பொருளையும் வைத்தே தொழில் தொடங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒரு நாள் சைக்கிளில் போய்க் கேட்டு வாருங்கள்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை முன்னால் வைக்காதீர்கள். பெண்கள் தண்ணீர் எடுக்க வருகிற நேரத்துக்குப் படித்துறையிலேயே வையுங்கள். நீங்கள் பேசாமல் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். வேலி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், யார் எந்த மாதம் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் சொல்லட்டும். சொன்னதை அந்தப் பெயரோடு எழுதி, மாற்றச் சொன்ன வேலியை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.